நான்கு பள்ளிக்கு ஒரு விசில்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மைத்துனன் வணங்கி எழுதுவது. எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். வீட்டில் எல்லோரும் நலம்தான். பள்ளிக்கூடத்தைப் பற்றி அடுத்த வரியிலேயே எழுதினால் முதல் வரி பொய்யாகிவிடும் என்பதால் அதைச் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அக்கா இன்னும் உப்பு டப்பாவை ஒளித்துத்தான் வைத்திருக்கிறாளா? ஓய்வு பெற்ற பிறகும் கல்வி அலுவலகம் உங்களை விடாமல், ஆலோசகர் என்று பெயர் கொடுத்து, தனி நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பதில் எங்கள் எல்லோருக்கும் பெருமை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் யோசித்ததுதான் இந்த நான்கு பள்ளிக் கூட்டணி என்பதையும் நான் மறக்கவில்லை. மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

நீங்கள் என் அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து உங்கள் பேச்சை நான் தட்டியதில்லை. நகரத்தின் இந்த மூலையில் நான்கு ஏழைப் பள்ளிகள் தனித்தனியாகத் திணறுகின்றன, ஒன்றாகச் சேர்ந்து ஒவ்வொன்றும் தன்னிடம் உள்ள நல்லதை மற்றவற்றுக்குக் கொடுத்தால் நான்கின் தரமும் உயரும் என்று நீங்கள் மேடையில் பேசியபோது முதலில் கைதட்டியவன் நான்தான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் தட்டினேன். அந்தக் கையால்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டணியின் முதல் மூன்று கூட்டங்கள், கடிதத்தாளில் எந்தப் பள்ளியின் பெயர் முதலில் வருவது என்பதிலேயே போயின. அகர வரிசை என்றால் மார்க்கெட் பள்ளிக்காரர் கடைசியில் போய்விடுவார், அவருக்கு அது ஆகவில்லை. பழைய பள்ளி முதலில் என்றால், தொட்டிப் பள்ளித் தலைமையாசிரியை தன் கட்டடத்தின் விரிசல்களைப் போட்டோ எடுத்து வந்து இதைவிடப் பழையது எது என்று கேட்டார். அதற்குள் பாலத்துப் பள்ளிக்காரர் எல்லா பிஸ்கட்டையும் சாப்பிட்டுவிட்டார். கடைசியில் வட்டமாக ஒரு முத்திரை செய்து நான்கு பெயரையும் சுற்றிலும் போட்டோம். யார் குத்துகிறார்களோ அவர் பள்ளி மேலே வரும்படி திருப்பிக் குத்திக்கொள்ளலாம் என்பது என் யோசனை. கூட்டணியில் இதுவரை ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான் மாமா.

பிறகு நல்லதைப் பகிர்ந்துகொள்ளும் கட்டம் வந்தது. பாலத்துப் பள்ளி தன் கணக்கு டீச்சரைத் தந்தது. அருமையான டீச்சர். நான்கு பள்ளிக்கும் பொதுவாக ஒரு கால அட்டவணை போட்டதில் அவர் பாதி நாளை பஸ்ஸிலும் மீதியைப் பஸ் நிறுத்தத்திலும் கழிக்கிறார். எங்கள் வாசலுக்குள் அவர் கால் வைக்கும்போது சாப்பாட்டு மணி அடிக்கும், பிள்ளைகள் கை கழுவிவிட்டு வரும்போது அவருடைய அடுத்த பஸ் வந்துவிடும். தொட்டிப் பள்ளி தன் அறிவியல் அலமாரியைத் தந்தது. உள்ளே நுண்ணோக்கி இருக்கிறதாம். பொதுச் சொத்து என்பதால் நான்கு பள்ளியும் ஆளுக்கொரு பூட்டுப் போட்டிருக்கிறோம். நான்கு சாவியும் ஒரே நேரத்தில் சேருவது மாதக் கூட்டத்தில் மட்டும்தான், கூட்டத்துக்கு அலமாரி வருவதில்லை. மார்க்கெட் பள்ளி தன் ஒழுக்கத்தைத் தந்தது. ஒழுக்கம் என்பது முப்பத்திரண்டு விதிகள் எழுதிய ஒரு பலகை, பள்ளிக்கு ஒன்று. எங்கள் பள்ளி பழைய குடோன் என்பது உங்களுக்குத் தெரியும், அவ்வளவு பெரிய பலகைக்குச் சுவர் கிடையாது. ஜன்னலை மறைத்து மாட்டினோம். அதில் வகுப்பு இருட்டாகிவிட்டதால் எங்கள் பிள்ளைகளால் அந்த விதிகளைப் படிக்க முடியவில்லை, ஆகவே மீறவும் முடியவில்லை.

எங்கள் முறை வந்தது. குடோன் பள்ளி என்ன தரப்போகிறது என்று கேட்டார்கள். நான் முந்தின நாளே ஆசிரியர்களைக் கூட்டி நம்மிடம் என்ன நல்லது இருக்கிறது என்று கேட்டிருந்தேன். ஆறாம் வகுப்பு ஆசிரியர் மட்டும் கிழக்குப் பக்கம் கூரை ஒழுகுவதில்லை என்றார். அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது. சும்மா இருந்திருக்கலாம் மாமா. நாங்கள் ஏழைகள், எங்களிடம் ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? நாலு பள்ளியிலும் எங்கள் பள்ளியில்தான் வருகை அதிகம், இருநூறு பேர் பெயர் எழுதியிருந்தால் நூற்றுத் தொண்ணூறு பேர் தினமும் வருகிறார்கள் என்று மார்தட்டினேன். எப்படி என்று கேட்டார்கள். எங்கள் வாட்ச்மேனைப் பற்றிச் சொன்னேன்.

அவரைப் பற்றி உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூடமே அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். குடியிருப்பது எங்கள் பிள்ளைகள் வாழும் அதே சந்துகளில். காலையில் சும்மா நடந்து வர அவருக்குக் கால் வராது. விசிலை எடுத்து ஊதிக்கொண்டுதான் கிளம்புவார். முதல் சந்தில் ஒரு விசில், பிள்ளைகள் சட்டைப் பொத்தானைப் போட்டபடி ஓடி வருவார்கள். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்பார். படி ஏது, பஸ் ஏது, வெறும் தெருதான். ஆனாலும் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நெருங்கி நின்றுகொள்வார்கள். ஒரு தலை குறைந்தால் வண்டி நகராது. அந்த வீட்டு வாசலில் நின்று ஊதிக்கொண்டே இருப்பார், தூங்குகிற தகப்பன் எழுந்து வந்து பிள்ளையைத் தெருவில் விட்டுவிட்டுப் போகும் வரைக்கும். பதினொரு சந்து, நூற்று முப்பது பிள்ளைகள். இதைக் கேட்டதும் மூன்று தலைமையாசிரியர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கு இரண்டு வாரம் என்று கண்டக்டரைச் சுற்றுக்கு விடுவதாகத் தீர்மானம் எழுதி, நானே என் பள்ளிப் பெயர் மேலே வரும்படி முத்திரை குத்திக் கொடுத்தேன்.

முதலில் பாலத்துப் பள்ளி. அந்தத் திங்கட்கிழமை எங்கள் பள்ளியில் ஐம்பத்தெட்டுப் பேர். ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று நினைத்தேன். செவ்வாயும் ஐம்பத்தெட்டு. புதன்கிழமை சந்துக்குள் போய் ஒரு கதவைத் தட்டினால், துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடத்துக்குத்தான் போயிருக்கின்றன, கண்டக்டர் கூட்டிக்கொண்டு போனார், தலைமையாசிரியருக்கு அதுகூடவா தெரியாது என்று கேட்டார். பெரிய சாலையைத் தாண்டி பாலத்துப் பள்ளிக்கு ஓடினேன். சுற்றுச்சுவருக்கு மேலாக எட்டிப் பார்க்கிறேன், வராந்தாவில் பெஞ்சுக்கு ஐந்து பேராக என் ஆறாம் வகுப்பு உட்கார்ந்திருக்கிறது. முன் பெஞ்சில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டி, "சார், நீங்களும் இங்க மாத்திட்டீங்களா?" என்றாள்.

யாரும் இதை யோசிக்கவில்லை மாமா. நானும் யோசிக்கவில்லை, நீங்களும் யோசிக்கவில்லை. பாலத்துப் பள்ளிக்குப் போனால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் விசில் ஊதுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ எப்போதும் போல் தன் வீட்டு வாசலில் ஊத ஆரம்பித்து, எப்போதும் ஏற்றும் பிள்ளைகளையே ஏற்றிக்கொண்டு, எங்கே வேலையோ அங்கே போய் இறக்கியிருக்கிறார். போகிற வழியில்தானே நம் பள்ளி, இவர்களை அங்கே விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகக் கூடாதா என்று கேட்டேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. "என்கிட்ட ஏறினவங்களை நடுவழியில எப்படி சார் இறக்கிவிடுறது? கூட்டணின்னா எல்லா ஸ்கூலும் ஒண்ணுன்னுதானே சார் சொன்னீங்க?" என்றார். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன். காலை வணக்கக் கூட்டத்தில், ஒலிபெருக்கியில்.

கூட்டத்தில் முறையிட்டேன். இதைத்தான் பகிர்வு என்கிறோம் என்று பாலத்துப் பள்ளிக்காரர் சொன்னார். நீங்கள் போட்டுத் தந்த வாரப் படிவத்தில் இன்று வந்தவர்கள் எத்தனை பேர் என்ற ஒரு கட்டம்தான் இருக்கிறது, யார் வந்தார்கள் என்ற கட்டம் இல்லை. ஆகவே பாலத்துப் பள்ளியின் கோடு மேலே ஏறியது. இரண்டு வாரம் கழித்து மார்க்கெட் பள்ளியின் கோடு ஏறியது. இப்போது தொட்டிப் பள்ளியின் கோடு ஏறிக்கொண்டிருக்கிறது. அலுவலகச் சுவரில் அந்த வரைபடத்தைப் பெரிதாக ஒட்டியிருக்கிறீர்களாம். அதில் கீழே, தரையோடு தரையாக, ஒரு கோடு படுத்துக் கிடக்குமே, அது நான்.

நானும் சும்மா இருக்கவில்லை. கடையில் ஒரு விசில் வாங்கிக்கொண்டு காலை ஏழு மணிக்குச் சந்தில் இறங்கி ஊதினேன். ஜன்னலில் ஒரு பையன் எட்டிப் பார்த்து, ரெஃப்ரி வந்திருக்கிறார் என்று உள்ளே சொன்னான். ஒருவர் மட்டும் வெளியே வந்து, எந்த மைதானம் என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று என் பின்னால் பள்ளி வரைக்கும் வந்தது ஒரு நாய். வாசலில் நின்று யோசித்துவிட்டு அதுவும் திரும்பிப் போய்விட்டது.

வருகை குறைந்த பள்ளி, சகோதரப் பள்ளிகளிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆணை வந்தது. போன வாரம் பயிற்சி. பள்ளி நேரத்தில், மூன்று மணி நேரம், முதல் வரிசையில் உட்கார வேண்டும். வருகையை உயர்த்துவது எப்படி என்று பாடம் எடுக்க மேடையில் ஏற்றப்பட்டவர் யார் தெரியுமா? என் வாட்ச்மேன். என்னைப் பார்த்ததும் மேடையிலிருந்து இறங்கி வந்து கதவைத் திறந்துவிடப் போனார், பிடித்து மறுபடி ஏற்றினார்கள். மூன்று மணி நேரமும் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தே பேசினார். சான்றிதழில் கையெழுத்து வாங்கப் போனபோது எழுந்து நின்றுதான் போட்டார். வீட்டில் இதைச் சொன்னால் என் மனைவி சாப்பாடு போடாமல் சிரிக்கிறாள். மாமா சொன்னால் கிணற்றில்கூடக் குதிப்பீர்களா என்கிறாள். குதித்துவிட்டேன், இன்னும் தண்ணீர்தான் தட்டுப்படவில்லை என்றேன்.

சிரிப்பை விடுங்கள் மாமா. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வருவாள், பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. எங்கள் பள்ளியில் தம்பி ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பான், அவள் ஐந்தாம் வகுப்பில் படிப்பாள். அவளும் விசிலுக்குப் பின்னால் பெரிய சாலையைத் தாண்டிப் போயிருக்கிறாள். முப்பத்திரண்டு விதிகளில் பத்தொன்பதாவது, தம்பி தங்கையரை அழைத்து வரக் கூடாது. பாலத்துப் பள்ளியில் ஜன்னல்கள் பெரியவை, பலகை நன்றாகத் தெரியும். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரிகளுக்கு நடுவில், தம்பியோடு, தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள். நான் வீட்டுக்குப் போய், நம் பள்ளிக்கு வாம்மா, அங்கே யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவள் தம்பியின் மூக்கைத் துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நீங்கல்லாம் ஒண்ணா சேர்ந்துட்டீங்கன்னு சொன்னாங்க சார். ஒரு கேட்ல வேணாம்னா நாலு கேட்லயும் வேணாம்னுதானே அர்த்தம்." இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

இப்போது தலையில் இடி. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் தலை எண்ண வருகிறார்கள். நூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் பள்ளியை மூடி, பிள்ளைகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிடுவார்களாம். எண்ணுவதற்கு இருப்பது ஐம்பத்தெட்டு. சந்துகளுக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒரே பள்ளி எங்களுடையது. சுற்று முடிந்ததும் கண்டக்டரை நகரத்தின் இன்னொரு மூலையில் ஆரம்பிக்கும் புதிய கூட்டணிக்கு அனுப்பப் போவதாகவும் கேள்வி. அவரும் இல்லை, பள்ளியும் இல்லை என்றால் அந்த நூற்று முப்பது பேரைச் சாலை தாண்டிக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? ஒரு வாரம் தாங்களாகப் போவார்கள். அப்புறம் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். எனக்கு அந்தச் சந்துகளைத் தெரியும்.

ஆகவே மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கண்டக்டரை எனக்குத் திருப்பித் தரச் செய்யுங்கள். இந்தக் கூட்டணியைக் கலைத்துவிடுங்கள். நாங்கள் தனித்தனியாகவே திணறிக்கொள்கிறோம், அது எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது. முடியாது என்றால் இத்துடன் இணைத்திருக்கும் என் விருப்ப ஓய்வு விண்ணப்பத்தையாவது மேலே அனுப்பிவையுங்கள். அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம், எனக்குப் பதிலாக அவள் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடுவாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. அவர்கள் நன்றாகப் படிக்கட்டும், எங்கேயாவது.

உங்கள் வார்த்தையை இதுவரை தட்டாத,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியது செவ்வாய்க்கிழமை. தபாலில் போட மறந்து பையிலேயே கிடந்தது. இன்று சனிக்கிழமை. நாளை அங்கே வரும் என் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். மேலே கேட்ட எதையும் தயவுசெய்து செய்துவிடாதீர்கள். விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் பாலத்துப் பள்ளிக்காரர் என் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அழுதுவிட்டார். எனக்கு வந்த அதே கடிதம், தேதி மட்டும் வேறு. கண்டக்டர் போன பிறகு அவர் பள்ளிக்கு வருவது தொண்ணூறு பேராம். மற்ற இருவரையும் போனில் கூப்பிட்டோம். அவர்களுக்கும் வந்திருக்கிறது, தொட்டிப் பள்ளிக்குக் கண்டக்டர் வருவதற்கு முந்தைய கணக்கை வைத்து. நான்கு பேருக்கும் ஒரே கடிதம், நான்கு பேரும் வெட்கப்பட்டு மறைத்திருக்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் தங்கள் கோடு ஏறுகிறது என்று பெருமை பேசிய மூன்று பேரும் நானும் என் குடோனில், சுருண்டு கிடந்த பாயில், பிஸ்கட் இல்லாமல், தீர்மானம் இல்லாமல் உட்கார்ந்து பேசினோம். என் பிள்ளைகள் நூற்று முப்பது பேர்தான் நான்கு பள்ளியையும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. எண்ணும் தேதிகள் நான்கும் வேறு வேறு என்பதைக் கவனித்தவர் தொட்டிப் பள்ளித் தலைமையாசிரியை.

கண்டக்டரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னோம். நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, "நாலு ஸ்டாப்பிங்தானே சார், கூட்டிட்டுப் போறேன். ஆனா அந்தத் தம்பிய தூக்கிட்டு வர்ற பொண்ண எந்த கேட்லயும் இறக்கிவிடக் கூடாது" என்றார். மார்க்கெட் பள்ளிக்காரர் பேனாவைக் கேட்டு வாங்கி, என் பலகையிலேயே பத்தொன்பதாவது விதியை அடித்தார். மற்ற மூன்று பள்ளிப் பலகைகளிலும் அன்றைக்கே போய் அடித்துவிட்டு வந்தார். மறுநாள் காலை அவளை அழைத்து வரக் கண்டக்டர் அவள் வாசலில் முக்கால் மணி நேரம் ஊதினாராம்.

நேற்று எங்கள் பள்ளியில் எண்ணினார்கள். நூற்று எண்பத்தொன்பது. தம்பியையும் சேர்த்து. திங்கட்கிழமை பாலத்துப் பள்ளி, செவ்வாய் மார்க்கெட் பள்ளி. புதன்கிழமை தொட்டிப் பள்ளிக்கு எண்ண வருவது நீங்கள்தான் என்று ஆணையில் பார்த்தேன்.

இத்தனை வருட வேலையில் நீங்கள் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியவர் இல்லை என்று எனக்குத் தெரியும் மாமா. மாற்ற வேண்டாம். எண் சரியாகத்தான் இருக்கும், பிள்ளைகளும் உண்மையான பிள்ளைகள்தான், பாடம் நடத்தினால் கவனிப்பார்கள். ஆனால் போன வருடம் எங்கள் ஆண்டு விழாவுக்கு வந்து ஒவ்வொருவர் கையிலும் நீங்களே பரிசு கொடுத்தீர்கள், ஒருவர் விடாமல் பெயர் கேட்டீர்கள். புதன்கிழமை மட்டும் தலையை எண்ணுங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள்.